காது அண்ணன் கேட்ட சத்தம்

தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில் மரியாதையாக வாழ்ந்துவந்த மனிதர்களைப் பட்டப்பகலில், நடுத்தெருவில், பன்றி போல உறுமவும் பழைய கதவு போலக் கிறீச்சிடவும் வைத்தவர் என்று யாருக்காவது சிலை வைப்பதாக இருந்தால், அதைக் காது அண்ணனுக்குத்தான் வைக்க வேண்டும். வங்கி மேலாளர்கள் அவர் முன்னால் உறுமியிருக்கிறார்கள். வக்கீல்கள் விசிலடித்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், தன்னிடம் படித்த மூன்று பேர் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே, "கொர்ர்ர்… டொப்பு, கொர்ர்ர்… டொப்பு" என்று சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், தகரக் கூரை போட்ட இடத்தில் அவருடைய பட்டறை இருந்தது. பலகையில் 'கார் வேலை செய்யப்படும்' என்று மட்டும் எழுதியிருக்கும். யார் செய்வார்கள் என்று இருக்காது. அவருக்கு ஒரு பெயர் இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் அது யாருக்கும் தெரியாது. எல்லோருடைய போனிலும் அவர் 'காது அண்ணன்'தான். பெரிய காதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆள் ஆறடி. காது இரண்டும் சின்னப் பையனுடையவை போல இருக்கும்.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. வண்டியின் சத்தம் வீட்டில் வரும், ரோட்டில் வரும், சிக்னலில் நிற்கும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி வரும். மெக்கானிக்கிடம் கொண்டுவந்து நிறுத்தினால் மட்டும் வராது. "மாமியார் வந்தா அயுவுற கொயந்த சிரிக்கும் பாரு, அந்த மாதிரி" என்பார். ஆகவே, வண்டி சொல்லாததை வண்டிக்காரர் சொல்ல வேண்டும். வார்த்தையில் சொன்னால் ஏற்கமாட்டார். வாயால் சத்தம் போட்டுக் காட்ட வேண்டும். அதைக் கேட்டு முடிக்கும்வரை பானெட்டைத் தொடமாட்டார்.

ஒருமுறை ஒரு போலீஸ் அதிகாரி சீருடையிலேயே தன் சொந்தக் காரைக் கொண்டுவந்தாராம். எதிர் டீக்கடைக்காரர் இதை எனக்கு இரண்டு தடவை நடித்தே காட்டியிருக்கிறார்.

"வண்டில சத்தம் வருதுய்யா. பாரு."

"எப்டி சார் வருது?"

"சத்தம்யா. சத்தம் வருது."

"சத்தம் எல்லா வண்டிலயும் வரும் சார். வரலன்னாதான் ரிப்பேர். ஒங்களுது எப்டி வருதுன்னு சொல்லுங்க."

அதிகாரி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். டீக்கடை பெஞ்சில் இடமில்லாத அளவுக்குக் கூட்டம். தொப்பியைக் கழற்றி சீட்டின் மேல் வைத்தார். பிறகு மெல்லிய குரலில், "ஙொய்ய்ய்ங்" என்றார்.

"நேரா போவும்போதா, திரும்பும்போதா?"

"திரும்பும்போது."

"அப்ப திரும்பிகினே சொல்லுங்க சார்."

அதிகாரி இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, இடது பக்கம் வளைந்து "ஙொய்ய்ங்", வலது பக்கம் வளைந்து "ஙொய்ய்ய்ய்ங்" என்று பட்டறை வாசலில் ஒரு அரை வட்டம் அடித்தார். ஸ்டியரிங்குக்குப் போகிற ஆயில் குறைந்திருந்தது. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அதற்கப்புறம் அந்த அதிகாரி அந்தத் தெரு வழியாக வரவே இல்லை என்பது டீக்கடைக்காரரின் தகவல்.

பாதிரியார் ஒருவர் வந்தார். தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துகிறவர். தன் வண்டியின் சத்தத்தை அவர் கண்ணை மூடிக்கொண்டு, சுதி பிசகாமல், ஏற்ற இறக்கத்தோடு "ம்ம்ம்ம்ம்" என்று காட்டினார். காது அண்ணன் முழுவதும் கேட்டார். "ஐயா, ரொம்ப நல்லா பாடுனீங்க. வண்டி இவ்ளோ நல்லா பாடாது. கொஞ்சம் கெடுத்துப் பாடுங்க."

போனில் பதிவு செய்து கொண்டுவருகிறவர்களிடம்தான் அவருக்கு உண்மையான கோபம் வரும். கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய ஒருவர் போனை நீட்டினால், அதை வாங்கி டூல் பெட்டியின் மேல் கவிழ்த்து வைத்துவிடுவார். "போன்ல எட்த்தா எல்லா வண்டியும் சளி புட்ச்ச மாதிரிதான் கேக்கும் சார். தெனிக்கும் வண்டில குந்திகினு போறது யாரு, நீயா, போனா?"

இன்னொருவர் பலமுறை முயன்று ஒரு சத்தத்தைச் செய்துகாட்டினார். காது அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, "சார், வண்டி இங்கயே இருக்கட்டும். மொதல்ல நீங்க டாக்டராண்ட போங்க. வண்டி சத்தத்துக்குப் பின்னால ஒங்க நெஞ்சு சத்தம் ஒண்ணு வந்துகினே கீது" என்றாராம். அவர் போனாராம். நுரையீரலில் சளி கட்டியிருந்ததாம். வண்டியில் ஒன்றுமே இல்லையாம்.

இந்தப் புகழ் எதுவும் தெரியாமல்தான் நான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

நான் எதையும் இரண்டு தடவை யோசித்து, மூன்றாவது தடவை மாற்றிக்கொள்கிற ஆள். செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்குவதற்கு முன்னால், இணையத்தில் தேடி, பார்க்க வேண்டியவை என்று நாற்பது விஷயங்களைப் பட்டியல் போட்டு, அட்டையில் ஒட்டி எடுத்துக்கொண்டு போனவள். டயர் பார்த்தேன். துரு பார்த்தேன். சீட் பெல்ட்டை ஒன்பது தடவை இழுத்துப் பார்த்தேன். நாற்பதும் சரியாக இருந்தது. வண்டியை விற்றவர் நான் போவதற்கு அரைமணி நேரம் முன்பே அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது. குளிர்ந்துகிடக்கும் இன்ஜினை காலையில் ஸ்டார்ட் செய்து கேட்க வேண்டும் என்பது என் நாற்பதில் இல்லை.

வாங்கிய மறுநாள் காலை, சாவியைத் திருப்பியதும் ஒரு சத்தம் வந்தது. எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஒருவர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். இரண்டு மூன்று நிமிடம் வந்தது. வண்டி சூடானதும் நின்றுவிட்டது. தினமும் இப்படித்தான்.

ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே போய்ச் சேரும்போது வண்டி சூடாகி, நல்ல பிள்ளையாக இருந்தது. நான் விவரித்ததைக் கேட்டுவிட்டு, "டேப்பட் சத்தம் மேடம். விட்டா இன்ஜின் போயிடும். இறக்கிப் பாத்துடலாம்" என்றார்கள். டேப்பட் என்பது இன்ஜினுக்குள்ளே தட்டிக்கொண்டே இருக்கும் சின்ன இரும்புப் பாகம். அதைப் பற்றி அன்றே பதினொரு வீடியோ பார்த்தேன். பிறகு எதைக் கேட்டாலும் எனக்கு டேப்பட்டாகவே கேட்டது. சுவர்க் கடிகாரம்கூட டக் டக் என்று டேப்பட் அடித்தது.

வண்டியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அந்தக் கவலைக்காகத்தான் வண்டியே வாங்கினோம்.

என் மகள் ஆதிரைக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. ஒரு வார்த்தையும் பேசவில்லை. வேண்டியதைக் கையைக் காட்டிக் கேட்பாள். காது நன்றாகக் கேட்கிறது என்று பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். மேடவாக்கத்தில் பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு பெண்மணியிடம் வாரம் இரண்டு முறை அழைத்துப் போகச் சொன்னார்கள். இரண்டு பஸ் மாறிப் போனால், கூட்டத்தில் நசுங்கி, அழுது, வகுப்புக்குப் போனதும் தூங்கிவிடுவாள். ஆட்டோவில் போனால் குலுங்கலில் வாந்தி எடுத்துவிடுவாள். காரில் பின்சீட்டில் உட்கார்ந்தால்தான் தெளிவாகப் போய்ச் சேருவாள்.

"மொதல்ல சத்தம்தான் வரணும்" என்றார் பயிற்சியாளர். "நாம போடற சத்தத்த அவ திருப்பிப் போடணும். நாயோ, பூனையோ, ரயிலோ, எதுவா இருந்தாலும் சரி. அது வந்துட்டா வார்த்தை பின்னாலயே வந்துடும்."

நான்கு மாதம் நான் குரைத்தேன். மியாவ் என்றேன். கூடத்தில் ரயிலாக ஓடினேன். ஆதிரை ஒரு நீதிபதியைப் போல உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பாள். நான் குரைப்பதை அவள் ரசித்தாள் என்றே நினைக்கிறேன். திருப்பிக் குரைக்கவில்லை. எப்போதாவது உதடு லேசாகப் பிரிந்தால் வீடே கை தட்டும். நான் வீடியோ எடுக்க போனைத் தேடி ஓடுவேன். திரும்பி வருவதற்குள் அவள் வாயை மூடியிருப்பாள்.

என் கணவருக்கு பெங்களூரில் வேலை. வாரக் கடைசியில் வருவார். இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொன்னதும் போனில் பெருமூச்சு விட்டார்.

"வித்துடலாம்ப்பா. சனிக்கிழமை ஒருத்தர் வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காரு."

"அப்ப கிளாஸ்?"

"கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம். நான்கூட மூணு வயசுக்கு மேலதான் பேசினேனாம், அம்மா சொல்வாங்க."

இப்போதும் நீங்கள் ஒன்றும் அவ்வளவாகப் பேசுவதில்லையே என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. அவர் சொல்வதுதான் சரியோ என்று தோன்றியது. நான் பயந்து பயந்தே குழந்தையைப் பேசவிடாமல் செய்கிறேனோ என்றும் தோன்றியது. எனக்கு எப்போதும் எல்லாமே தோன்றும்.

வியாழக்கிழமை, கீழ்வீட்டு அக்காதான் சொன்னார். "விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ காது அண்ணன்கிட்ட காட்டிடு. ஆனா கூச்சப்படக் கூடாது." எதற்குக் கூச்சம் என்று அவர் சொல்லவில்லை.

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, ஆதிரையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். வண்டி, வழக்கம்போல, சூடாகி அமைதியாக நின்றது. காது அண்ணன் ஒரு காருக்கு அடியிலிருந்து வந்தார். வந்துகொண்டே இருந்தார். அவ்வளவு நீளம்.

"இன்னாம்மா?"

"அண்ணா, காலைல ஸ்டார்ட் பண்ணா டேப்பட் சத்தம் வருது."

"டேப்பட்டுனு நான் சொல்லணும். நீங்க சத்தத்த மட்டும் சொல்லுங்க."

"அதான்ணா, தட்டற மாதிரி."

"எப்டி தட்டுது? தட்டிக் காட்டுங்க. வாயால."

டீக்கடை பெஞ்சில் நாலு பேர் டம்ளரைக் கீழே வைத்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. நான் முதுகலை படித்தவள். நாலு பேருக்கு எதிரில் சத்தமாகத் தும்மக்கூட மாட்டேன்.

"டக்… டக்… டக்" என்றேன்.

அவர் குனிந்து, கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக் கேட்டார். தலையைச் சாய்த்தார். "சரியில்ல" என்றார்.

"டக்டக்டக்டக்."

"சரியில்லம்மா."

"ட்டக், ட்டக், ட்டக்." இந்த முறை கொஞ்சம் ஆடியும் காட்டினேன். பெஞ்சிலிருந்து ஒருவர், "மேடம் நல்லாத்தான பண்றாங்க, பாஸ் போட்டு வுடுண்ணே" என்று எனக்காகப் பரிந்து பேசினார்.

காது அண்ணன் அவரைப் பார்க்கவே இல்லை. "யாரோ ஒங்களாண்ட டேப்பட்டுனு சொல்லி அனுப்பிச்சிட்டாங்கம்மா. அத்தக் கேட்டுகினு வந்து என்னாண்ட சொல்றீங்க. இது அவங்க சொன்ன சத்தம். ஒங்க வண்டி சத்தம் எங்க கீது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வண்டியின் சத்தம் எனக்கே தெரியவில்லை. அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தால் டேப்பட்தான் வருகிறது. சனிக்கிழமை வண்டி போய்விடும். அப்புறம் இரண்டு பஸ். அப்புறம் அதுவும் நின்றுவிடும்.

அப்போது என் இடுப்பிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ச்சு."

நான் திரும்பினேன். ஆதிரை என்னைப் பார்க்கவில்லை. கையைக் காதில் வைத்துக் குனிந்து நிற்கும் அந்த நெட்டை மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தன்னிடம்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

"ச்சு. ச்சு. ச்சு. ச்சு."

அவர் அப்படியே காதை அவள் பக்கம் திருப்பினார். சிரிக்கவில்லை. கொஞ்சவில்லை. அதிகாரியிடமும் பாதிரியாரிடமும் கேட்ட அதே குரலில், "ம். வண்டி எட்த்ததுக்கு அப்பால?" என்று கேட்டார்.

"ச்சுச்சுச்சுச்சு" என்றாள் என் மகள், வேகமாக.

என் கை தானாகப் போனைத் தேடியது.

"போன வைங்கம்மா" என்றார், திரும்பாமலே. "பாப்பா சொல்லிகினு கீது. நடுவுல பூராதீங்க. அப்பால, பாப்பா? ரோட்டுக்குப் போனா?"

ஆதிரை யோசித்தாள். பிறகு உதட்டை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். ஒன்றுமில்லை. சத்தம் நின்றுவிடும்.

காது அண்ணன் நிமிர்ந்தார். "கேஸ் முடிஞ்சிச்சு" என்றார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கினார். இரும்பும் இரும்பும் இடித்தால் டக் என்றுதான் கேட்கும். இது காற்று பீறுகிற சத்தம். இன்ஜினிலிருந்து புகை வெளியே போகிற குழாய், இன்ஜினோடு சேர்கிற இடத்தில், இடுக்கில்லாமல் அடைக்க நடுவில் வைக்கிற கேஸ்கெட் எங்கேயோ விட்டிருக்கிறது. வண்டி குளிர்ந்திருக்கும்போது அந்த இடுக்கு வழியாகப் புகை ச்சு ச்சு என்று பீறும். சூடானால் இரும்பு விரிந்து இடுக்கு அடைத்துக்கொள்ளும், சத்தம் நின்றுவிடும். பானெட்டைத் திறந்து, ஒரு தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். குழாய் சேர்கிற இடத்தில் கறுப்பாகக் கரிக்கோடு ஒன்று ஓடியிருந்தது. ஒரு நட்டு விரலால் சுற்றினாலே சுழன்றது.

"இன்ஜின இறக்குறதா? இதுக்கா? இன்னா பேஜார்மா இது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா இத்த வுட்டு வெக்கக் கூடாது. இந்தப் பொக காத்தோட உள்ள வரும். கொயந்த பின்னால குந்திகினு வருது."

அவர் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை. கூட்டமெல்லாம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் என் மகளின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தட்ட வேண்டும் போலிருந்தது. தட்டினால் மூடிவிடுவாளோ என்று பயந்து, இரண்டு கையையும் அவள் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். மறுநாள் சாயங்காலம் புது கேஸ்கெட், புது நட்டுகளோடு திரும்பக் கிடைத்தது. சனிக்கிழமை காலை, பெங்களூரிலிருந்து வந்திருந்த கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, சாவியைத் திருப்பினேன். நன்றாகக் குளிர்ந்திருந்த இன்ஜின் ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் ஓடியது. மூன்றாவது மாடி ஜன்னல் திறக்கவில்லை.

"ஏதாவது கேக்குதா?" என்றார் கணவர்.

"இல்ல."

"அப்புறம் ஏன் அழற?"

வண்டி பார்க்க வருவதாகச் சொன்னவரை வர வேண்டாம் என்று கணவரே கூப்பிட்டுச் சொன்னார்.

அதன் பிறகு நான் பொய் சொல்லப் பழகினேன். வகுப்பு முடிந்து வரும்போதெல்லாம், "அண்ணா, லேசா ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்தது" என்று பட்டறையில் வண்டியை நிறுத்துவேன். அவர் நான் சொன்னதை ஒரு நாளும் நம்பியதில்லை. "பாப்பா, ஒங்க அம்மா சொல்றது நெசமா?" என்று நேராக அவளிடம் கேட்பார். அவள் இல்லை என்று கையை விரிப்பாள். என் மானம் போகும். பிறகு அவளைத் தூக்கி ஒரு பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார வைத்து, அடுத்த வண்டிக்குக் கூட்டிப்போவார். "இது இன்னா சொல்லுது பாப்பா?" அவள் "கிர்ர்" என்பாள், "பொப்" என்பாள், "ஈஈஈ" என்பாள். நான்கு மாதம் நான் நாயாகவும் பூனையாகவும் இருந்து வாங்க முடியாத சத்தங்களை, அவர் ஓட்டை சைலன்சர்களை வைத்து வாங்கிக்கொண்டிருந்தார். வண்டிக்காரர்களும் பழகிக்கொண்டார்கள். கோவளத்திலிருந்து மீன் ஏற்றிவருகிற வேன் ஓட்டுநர் ஒருவர், தன் வண்டியைக் காது அண்ணன் பார்த்து முடித்த பிறகும், "பாப்பாவும் ஒரு வாட்டி கேட்டுட்டா நிம்மதியா போவேன்" என்று அரைமணி நேரம் காத்திருந்தார். அன்று பட்டறை முழுக்க வஞ்சிர வாசனை.

முதல் வார்த்தை ஒரு செவ்வாய்க்கிழமை, பயிற்சி அறையில் வந்தது. பயிற்சியாளர் பொம்மைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். சுவரிலிருந்த பழைய ஏசி கடகடத்துக்கொண்டிருந்தது. ஆதிரை அதை அண்ணாந்து பார்த்தாள். தலையைச் சாய்த்தாள்.

"சரியில்ல" என்றாள்.

பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "அம்மா, அப்பா, பால், இப்படி ஏதாவது வரும்னு நெனச்சேன்" என்றார் அவர், மெதுவாக உட்கார்ந்துகொண்டே. "இது யார் சொல்லிக் குடுத்தது?" அடுத்த வாரம் அந்த ஏசி நின்றே போனது. பயிற்சியாளர் அதைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒருவித மரியாதையோடுதான் பேசுகிறார்.

நான் நேராகப் பட்டறைக்கு ஓட்டிப்போய்ச் சொன்னேன். காது அண்ணன் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் தொங்கிப்போனது.

"அம்மானு சொல்லலியா?"

"இல்லண்ணா. அதனால என்ன?"

"அய்ய, இன்னாம்மா நீங்க. ஊர்ல எல்லாக் கொயந்தையும் அம்மானு சொல்லும். என்னாண்ட வந்து ஒங்களுக்கு இல்லாம பூட்சே." துணியில் துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பெரிய ரிப்பேரைத் தானே உண்டாக்கிவிட்டவர் போல இருந்தார்.

அன்றிலிருந்து அவர் வேறொரு வேலையை எடுத்துக்கொண்டார். நாங்கள் போனதும் எங்கள் வண்டியைத்தான் முதலில் ஸ்டார்ட் செய்வார். "இது யாரு வண்டி பாப்பா? அம்மா வண்டி. இது?" மீன் வேனைக் காட்டுவார். "மீன் வண்டி. இது? அம்மா வண்டி." வேறு வேலை பாதியில் கிடக்கும். கேட்கிறவர்களுக்கு, "இரு சார், இது அர்ஜென்ட் கேசு" என்று பதில் வரும். நான்கைந்து வாரம் அப்படிப் போனது. ஒரு மழை நாளில், தகரத்தின் மேல் தூறல் விழுந்துகொண்டிருக்கும்போது, அவர் எங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்து அவளைப் பார்த்தார்.

"அம்மா வண்டி சரி" என்றாள் ஆதிரை.

மூன்று வார்த்தை. மூன்றில் முதலாவதாக நான் இருந்தேன். காது அண்ணன் இன்ஜினை அணைத்தார். என்னைப் பார்க்காமல், டீக்கடைப் பக்கம் திரும்பி, "மூணு டீ" என்று கத்தினார். அங்கே இருந்தது நாங்கள் இரண்டு பேரும் ஒரு குழந்தையும்தான். டீக்கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் மூன்று டீயோடு வந்தார்.

இப்போது ஆதிரைக்கு ஐந்து வயது. யூகேஜி. காலையில் கண் விழித்ததும் பேச ஆரம்பித்தால் வகுப்பு வாசலில் விடும்வரை நிறுத்துவதில்லை. கொஞ்சம் பேசாமல் இரு என்று அவள் டீச்சர் டைரியில் எழுதி அனுப்புகிறார். நான் அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி எழும்புகிறது. காது அண்ணன் வண்டலூரைத் தாண்டி உள்ளே எங்கோ போய்விட்டார். போன மாதம் விசாரித்து விசாரித்துப் போனோம். வழியெல்லாம் நன்றி சொல்வதற்கு வாக்கியங்கள் தயார் செய்துகொண்டே ஓட்டினேன். ஒன்று நாடகம் போல இருந்தது. ஒன்று விழா மேடை போல இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு இறங்கினேன். அவர் ஒரு காரின் இன்ஜினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை அதில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தக் காரின் சொந்தக்காரர் பொறுமையில்லாமல் நின்றார்.

"வாம்மா. இன்னா சத்தம்?"

"ஒண்ணுமில்லண்ணா. இவ பேசறா. நீங்க கேக்கணும்னு கூட்டிட்டு வந்தேன்."

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை அணைத்தார். கீழே குத்தவைத்து உட்கார்ந்தார். உட்கார்ந்தும் ஆதிரையைவிட ஒரு சாண் உயரமாகத்தான் இருந்தார்.

அவள் ஆரம்பித்தாள். பள்ளியில் ஒரு பையன் சாக்பீஸ் தின்றது, ரயிலுக்கு ஏன் ஸ்டியரிங் கிடையாது, குன்றத்தூர் மலைக்கோயிலில் குரங்கு அப்பாவின் செருப்பை எடுத்துக்கொண்டு போனது, அந்தக் குரங்குக்கு அது எந்தக் காலுக்குச் சேரும். ஒரு கதை முடிவதற்குள் அடுத்தது வந்தது. அவர் "ம்", "அப்பால?" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை.

கார்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "இன்னும் எவ்ளோ நேரம்ணே ஆகும்?"

காது அண்ணன் திரும்பவில்லை.

"தெரியல சார். கேட்டுகினு கீறேன்."